தன்னைத் தானே அளந்து வளரும் கண்

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவரின் கண் 24 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். இடையில் கூடுவது ஏழு மில்லிமீட்டர்தான். அந்த ஏழு மில்லிமீட்டருக்குள் இறைவன் வைத்திருக்கும் நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

கையோ காலோ அரை அங்குலம் கூடுதலாக வளர்ந்துவிட்டால் வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேவைக்கு மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மைனஸ் இரண்டரை பவருக்குக் கிட்டத்தில் கண்ணாடி வேண்டும். வகுப்பில் கரும்பலகை கலங்கும். எதிரே வரும் பேருந்தின் எண் தெரியாது. முன்னால் இருக்கும் கார்னியாவின் வளைவு, உள்ளே இருக்கும் லென்ஸின் பருமன், விழிக்கோளத்தின் நீளம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் வெளிச்சம் விழித்திரையின் மேல் சரியாகக் குவியும். அந்தத் திரையின் தடிமனோ கால் மில்லிமீட்டர். மூன்றும் வளர்ந்துகொண்டும் மாறிக்கொண்டும் இருக்கும்போதே குழந்தை அதே கண்ணால் தாயின் முகத்தைப் பார்க்கிறது, தவழ்கிறது, ஓடுகிறது. ஓடும் வண்டியை நிறுத்தாமலே அதன் சக்கரத்தைச் சரிசெய்வது போன்ற வேலை இது. அதுவும் கோடிக்கணக்கான பிள்ளைகளின் கண்ணில் யாரும் கைவைக்காமலே நடந்து முடிகிறது.

தொடக்கத்திலேயே ஒரு முன்யோசனை தெரிகிறது. பெரும்பாலான குழந்தைகள் லேசான தூரப்பார்வையோடு பிறக்கின்றன. சராசரியாகச் சொன்னால் ப்ளஸ் இரண்டு பவர் அளவுக்கு. அதாவது, கண் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கிறது. இது குறையல்ல. கண்ணால் வளர முடியும். நீண்டுவிட்ட கண்ணால் அந்த அளவுக்குச் சுருங்கித் திரும்ப முடியாது. ஆகவே குட்டையாகத் தொடங்கி, மெல்ல மெல்ல நீண்டு, சரியான இடம் வந்ததும் நிற்பதுதான் பாதுகாப்பான வழி. முதல் ஓராண்டிலேயே இந்தப் பயணத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. கண் நீள நீள உள்ளே இருக்கும் லென்ஸ் மெலிந்து தட்டையாகி ஈடுகொடுக்கிறது. பள்ளியில் சேரும் வயதில் பெரும்பாலான பிள்ளைகளின் கண் ஏறக்குறைய சரியான அளவில் நிற்கிறது. பிறக்கும்போது ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் பவரில் இருந்த பெரிய வேறுபாடுகள்கூட அதற்குள் சுருங்கிவிடுகின்றன. பல இடங்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஒரே வாசலில் வந்து சேர்கிறார்கள்.

எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்கிறார்கள்?

பரம்பரை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மையே. ஆனால் அது பாதிக் கதை. 1977-இல் டார்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலா என்று அமெரிக்காவில் பணியாற்றிய இரு ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பிறந்து சிறிது காலமே ஆன குரங்குக் குட்டிகளின் ஒரு கண் இமையை மூடித் தைத்துவிட்டால், தெளிவான காட்சி கிடைக்காத அந்தக் கண் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை ஆகிவிடுகிறது. அதே பரம்பரை, அதே உடம்பு, அதே உணவு; பார்த்துக்கொண்டிருந்த மற்ற கண் ஒழுங்காக வளர்ந்திருந்தது. அப்படியென்றால் பார்வைதான் கண்ணை வளர்க்கிறது. தான் காணும் காட்சியை வைத்தே கண் தன்னை அளந்துகொள்கிறது.

அடுத்த பத்தாண்டில் கோழிக்குஞ்சுகள் இந்த இரகசியத்தை இன்னும் கொஞ்சம் திறந்து காட்டின. 1988-இல் ஃபிராங்க் ஷேஃபல், ஏட்ரியன் கிளாசர், ஹோவர்ட் ஹவ்லண்ட் மூவரும் குஞ்சுகளின் கண்முன் சிறு லென்ஸ்களைப் பொருத்திப் பார்த்தார்கள். மைனஸ் லென்ஸ் பிம்பத்தை விழித்திரைக்குப் பின்னால் தள்ளும். குஞ்சின் கண் என்ன செய்தது தெரியுமா? பிம்பம் எங்கே இருக்கிறதோ அதைத் தேடிப் பின்பக்கம் நீண்டது. ப்ளஸ் லென்ஸ் பிம்பத்தை முன்னால் இழுக்கும். அப்போது கண் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டது. சில நாட்களிலேயே லென்ஸுக்கு ஏற்றபடி கண் மாறிவிட்டது. கண்ணுக்குள் விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்று இரத்தக்குழாய்கள் நிறைந்த ஓர் அடுக்கு உண்டு. ப்ளஸ் லென்ஸ் அணிந்த குஞ்சுகளில் அந்த அடுக்கு தடித்து, விழித்திரையைப் பிம்பம் இருக்கும் இடத்துக்கே முன்னால் தள்ளிக்கொண்டு வருவதையும் பின்னர் கண்டார்கள். திரையே எழுந்து படத்தை எதிர்கொண்டு வருகிறது!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பிம்பம் முன்னால் விழுந்தாலும் பின்னால் விழுந்தாலும் நமக்குத் தெரிவது ஒரே கலங்கல்தான். நம் அறிவால் பிரித்துச் சொல்ல முடியாத அந்த இரண்டையும் விழித்திரை பிரித்தறிகிறது. அதுவும் மூளையைக் கேட்காமல்! நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஜோஷ் வால்மனும் அவரோடு இருந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்த பிறகும் குஞ்சின் கண் காட்சிக்கு ஏற்பத் தன் வளர்ச்சியை மாற்றிக்கொண்டது. கண்ணின் ஒரு பாதியை மட்டும் மங்கலாக்கினால் அந்தப் பாதி மட்டும் நீண்டது. மறுபாதி தன் வழியில் நின்றது. 1987-இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். மூளைக்கும் மனசுக்கும் தெரியாமல், விழித்திரையின் ஒவ்வொரு பகுதியும் தன் எதிரே விழும் வெளிச்சத்தை அளந்து, பின்னால் இருக்கும் கோராய்டுக்கும் அதற்கும் வெளியே இருக்கும் வெள்விழிச் சுவருக்கும் இரசாயனச் செய்தி அனுப்புகிறது. "இன்னும் கொஞ்சம் வளர்", "போதும், நில்". உறங்காத ஓர் அலுவல் இது. நம்மில் யாரும் அதற்கு ஒருநாள்கூட நன்றி சொன்னதில்லை.

அந்தக் குஞ்சுகளுக்கும் குரங்குகளுக்கும் நாம் பட்டிருக்கும் கடனையும் இந்த இடத்தில் சொல்லாமல் போவது சரியாகாது. அவற்றின் கண்கள் இழந்ததைக் கொண்டுதான் நம் பிள்ளைகளின் கண்களைப் பற்றி அறிந்தோம்.

"வளர்", "போதும்" என்ற இந்த இரண்டு ஆணைகளில் எது வலியது? வால்மனின் ஆய்வுக்கூடத்தில் அதற்கும் விடை கிடைத்தது. குஞ்சுகளுக்கு மைனஸ், ப்ளஸ் லென்ஸ்களை மாற்றி மாற்றி அணிவித்தார்கள். மைனஸ் லென்ஸ் கண்ணில் இருந்த நேரம் மிக அதிகம். ப்ளஸ் லென்ஸ் இருந்ததோ கொஞ்ச நேரம். ஆனாலும் கண் ப்ளஸ் லென்ஸின் பேச்சையே கேட்டது. "வளர்" என்ற குரல் நாள் முழுக்க ஒலித்தாலும் "போதும்" என்று சில நிமிடம் சொன்னால் அதற்குக் கட்டுப்படுகிறது. தேவைக்கு மேல் வளர்ந்தால் திரும்பி வர வழியில்லாத ஓர் உறுப்புக்குள், அடக்கத்தின் குரலை உரத்த குரலாக வைத்தவன் யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. எனக்கு அது தெரியும்.

அப்படியானால் இன்று வீட்டுக்கு வீடு சின்னப் பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பது ஏன்? ஆண்டுக்காண்டு பவர் ஏறுவது ஏன்? கண்ணின் நுட்பத்தில் பிழை இல்லை. அது அளந்து பார்க்கும் உலகத்தை நாம் மாற்றிவிட்டோம். 2008-இல் வெளியான ஓர் ஒப்பீடு இதை அப்பட்டமாகக் காட்டியது. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் பரிசோதித்தார்கள். சிட்னியில் கிட்டப்பார்வை 3.3 சதவீதம், சிங்கப்பூரில் 29.1 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் படிக்காதவர்கள் அல்ல. ஆனால் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியே வெயிலில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இருந்தது மூன்று மணி நேரம். வீட்டுக்குள் எத்தனை விளக்கு போட்டாலும் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெட்டவெளியில் அது பல்லாயிரம். பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கண்ணின் நீட்சியைக் கட்டுப்படுத்தும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் தினமும் நாற்பது நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்த்தபோது, மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதமாக இருக்க, இந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதமாகவே இருந்தார்கள். சூரியனையும் கண்ணையும் ஒருவனே படைத்தான். ஒன்றுக்கு மற்றது வேண்டியிருப்பதில் வியப்பென்ன?

ஆனால் ஏற்கெனவே நீளத் தொடங்கிவிட்ட கண்ணை என்ன செய்வது? இங்கேதான் காண்டாக்ட் லென்ஸ் வருகிறது.

வழக்கமான மைனஸ் கண்ணாடி நடுப்பார்வையைத் துல்லியமாக்கிவிடும். பிள்ளைக்குப் பலகை தெரியும். பெற்றோர் நிம்மதி அடைவார்கள். ஆனால் நீண்டுபோன கண் முட்டை வடிவம் கொண்டது. நடுவில் சரியாகக் குவியும் வெளிச்சம் ஓரங்களில் விழித்திரைக்குப் பின்னால் போய் விழக்கூடும். அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எர்ல் ஸ்மித் குழுவினர் குரங்குக் குட்டிகளில் விழித்திரையின் நடுப்பகுதியை லேசரால் செயலிழக்கச் செய்தார்கள். அப்படியும் ஓரப்பகுதியின் காட்சியை வைத்தே கண் தன் வளர்ச்சியைச் சரிசெய்துகொள்வதை 2005-இல் வெளியிட்டார்கள். நாம் எழுத்தைப் படிப்பது நடுப்பகுதியால். ஆனால் கண் தன் வளர்ச்சிக்கு யோசனை கேட்பது, நாம் கவனிக்காமல் விடும் ஓரங்களிடமும்தான். கண்ணாடியால் பார்வை தெளிந்த பிறகும் கண் தொடர்ந்து நீள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது.

அப்படியானால் நடுவில் தெளிவான பார்வையும், சுற்றிலும் "போதும்" என்ற செய்தியும் ஒரே லென்ஸில் வைக்க முடியுமா? கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பும் காண்டாக்ட் லென்ஸ் இதற்கு இயல்பாகவே பொருந்தியது.

மென்மையான காண்டாக்ட் லென்ஸ் பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் ஓட்டோ விக்டெர்லே என்ற வேதியியலாளர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, பிள்ளைகள் விளையாடும் 'மெர்குர்' என்ற உலோகத் துண்டுப் பொம்மைத் தொகுப்பைக் கொண்டு ஒரு சிறிய இயந்திரம் கட்டினார். சைக்கிள் டைனமோ அதைச் சுழற்றியது. சுழலும் சிறு அச்சுக்குள் திரவத்தை விட, அது சுழற்சியிலேயே வளைந்து உறைந்து லென்ஸ் ஆனது. தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் அந்தப் பொருளை அவரும் டிராகோஸ்லாவ் லீமும் முன்பே உருவாக்கியிருந்தார்கள். கார்னியாவில் இரத்தக்குழாயே கிடையாது. வெளிச்சத்துக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது என்று அது கண்ணீரின் வழியே நேரடியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும்படி படைக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் எதை வைத்தாலும் ஈரமும் காற்றும் ஊடுருவ வேண்டும். அந்தப் பணிவு விக்டெர்லேயின் லென்ஸில் இருந்தது. பிள்ளைகளின் பொம்மையில் பிறந்த பொருள் பல பத்தாண்டு கழித்துப் பிள்ளைகளின் கண்ணைக் காக்க வந்தது.

2011-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா ஆன்ஸ்டிஸ், ஜான் பிலிப்ஸ் இருவரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 11 முதல் 14 வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணில் சாதாரண லென்ஸ். மற்றதில் இரட்டைக் குவிய லென்ஸ். அதன் நடுவட்டம் பார்வைக்கு. சுற்றியுள்ள வளையங்களோ வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னாலேயே குவியவைப்பவை. பத்து மாதம் கழித்து லென்ஸ்களைக் கண் மாற்றிப் போட்டார்கள். ஒரே பிள்ளை, ஒரே வீடு, ஒரே பாடப்புத்தகம், ஒரே வெயில். இரண்டு கண்களுக்கும் லென்ஸ் மட்டும்தான் வேறு. இரட்டைக் குவிய லென்ஸ் போட்ட கண் மெதுவாக நீண்டது. அதே உடம்புக்குள் இரண்டு கண்கள் இரண்டு விதமாக வளர்ந்ததைவிட, கண் தனித்தனியே தன்னை அளந்துகொள்கிறது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இதே வழியில் வந்த மைசைட் என்ற ஒருநாள் லென்ஸை, 8 முதல் 12 வயதுக்குட்பட்ட 144 பிள்ளைகளைச் சேர்த்துப் போர்ச்சுகல், பிரிட்டன், சிங்கப்பூர், கனடா ஆகிய நாடுகளில் சோதித்தார்கள். மூன்றாண்டில் சாதாரண லென்ஸ் போட்டவர்களின் கண் சராசரியாக 0.62 மில்லிமீட்டர் நீண்டது. மைசைட் போட்டவர்களின் கண் 0.30 மில்லிமீட்டர். 2019 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் தந்தது. பிள்ளைகளின் கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைப்பதற்கென்று அங்கே ஒப்புதல் பெற்ற முதல் காண்டாக்ட் லென்ஸ் இதுதான்.

அதற்கு அடுத்த ஆண்டு வெளியான 'பிளிங்க்' ஆய்வு கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி வாலைன், ஹூஸ்டனின் டேவிட் பெர்ன்ட்சன் ஆகியோர் நடத்தியது. 7 முதல் 11 வயதுக்குட்பட்ட 294 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்குச் சாதாரண லென்ஸ். இரண்டாவதற்கு ஓரத்தில் ப்ளஸ் ஒன்றரை கூட்டிய லென்ஸ். மூன்றாவதற்கு ப்ளஸ் இரண்டரை கூட்டியது. வயதானவர்களுக்கு வெள்ளெழுத்துக்காகச் செய்த லென்ஸ்தான் இப்படிப் பிள்ளைகளுக்குப் போனது. யாருக்கு எது போடப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. மூன்றாண்டுகள் முடிந்தபோது 292 பிள்ளைகள் கடைசி வரை வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை மூன்றாண்டு லென்ஸோடு பிடித்துவைத்திருந்த அந்தப் பெற்றோரின் பொறுமையும் ஆய்வின் ஒரு பகுதிதான் என்பேன்.

முடிவு இது: சாதாரண லென்ஸ் பிரிவில் பவர் சராசரியாக 1.05 ஏறியது, ப்ளஸ் ஒன்றரை பிரிவில் 0.89, ப்ளஸ் இரண்டரை பிரிவில் 0.60. கண்ணின் நீளம் முறையே 0.66, 0.58, 0.42 மில்லிமீட்டர் கூடியது. அரைமனதாகச் சொன்ன "போதும்" கண்ணின் காதில் சரியாக விழவில்லை. உரக்கச் சொன்னது விழுந்தது. முதல் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சொற்பம் என்று தோன்றும். கண் அதிகமாக நீளும்போது விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பிற்காலத்தில் அது பிரிந்துவிடும் அபாயமும், நடுப்பார்வை சிதையும் அபாயமும், கிளாக்கோமா வரும் அபாயமும் கூடுகின்றன. நாற்பது, ஐம்பது வயதில் வரக்கூடிய அந்த இருட்டைப் பத்து வயதிலேயே கால் மில்லிமீட்டர் தள்ளிவைப்பது சிறிய காரியம் அல்ல.

இது எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றது என்று சொல்ல வரவில்லை. லென்ஸ் நீண்ட கண்ணைக் குட்டையாக்காது, வேகத்தைத்தான் குறைக்கும். கை கழுவாமல் தொட்டாலோ, குழாய்த் தண்ணீரில் அலசினாலோ, போட்டுக்கொண்டே தூங்கினாலோ கார்னியாவில் கிருமி தொற்றிப் பார்வையே போகும் ஆபத்து உண்டு. கண் மருத்துவர் பிள்ளையின் கண்ணையும் பழக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிளிங்க் ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. லென்ஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி எஞ்சியிருந்தது. கிட்டப்பார்வை ஏறுவதைக் குறைக்க அட்ரோபின் சொட்டு மருந்தை வலுவான அளவில் கொடுத்து நிறுத்தியபோது, அதுவரை அடங்கியிருந்த கண் வேகமெடுத்து நீண்டதைச் சிங்கப்பூரில் கண்டிருந்தார்கள். லென்ஸிலும் அப்படி நேர்ந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதே பிள்ளைகளில் 248 பேர், இப்போது 11 முதல் 17 வயதினர், இரண்டாம் சுற்றில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இரண்டாண்டு ப்ளஸ் இரண்டரை லென்ஸ். மூன்றாம் ஆண்டு சாதாரண லென்ஸ். 2025-இல் முடிவு வெளியானது. கண் பதறி ஓடவில்லை. அந்தந்த வயதுக்கு இயல்பான வேகத்துக்குத் திரும்பியது, அவ்வளவே. முதலில் பெற்ற பலனும் கைவிட்டுப் போகவில்லை. லென்ஸ் மருந்தாக இல்லாமல் கண்ணுக்குப் புரியும் மொழியிலேயே பேசியதுதான் இதற்குக் காரணம் என்று நான் எண்ணுகிறேன். ஆய்வாளர்கள் சொல்வது நேரடியாக இருக்கிறது: பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே இந்த லென்ஸைத் தொடங்கலாம், கண் வேகமாக நீளும் பருவம் கடக்கும் வரை, பதின்ம வயதின் பிற்பகுதி வரை, அதைத் தொடர்வது நல்லது.